இரட்டை வேடமும் இரட்டை வழக்கும்: ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ தொடர் நாடகத்தை முன்வைத்து

முன்னுரை

ஜொகூர் பாருவிலிருந்து பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் நுழையும் பேருந்துகளுள் சில, பயணிகளைக் கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்தில் இறக்கிவிடுகின்றன. நிலையத்தின் பெயர்ப்பலகையில் ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் ‘கிராஞ்சி’ என்று எழுதப்பட்டிருக்கும். கெராஞ்சி என்னும் மலாய் மரப்பெயரிலிருந்து வந்த ஊர்ப்பெயர் அது. 2019ஆம் ஆண்டில் தமிழாசிரியர்களுக்கான பயிற்சிப் பட்டறை ஒன்றை நடத்தித் தரும் பொருட்டுச் சில வாரங்கள் தொடர்ந்து சிங்கப்பூர் சென்று வந்தேன். சனிக்கிழமை பட்டறை, ஞாயிறு மாலை கிராஞ்சியில் பேருந்துக்குக் காத்திருந்து ஊர் திரும்புதல். அந்நேரத்தில் நிலையத்தின் முன்புறம் இருவகைக் கூட்டம் கலந்து நிற்கும். அருகிலிருந்த குதிரைப் பந்தயத் திடலிலிருந்து கலைந்து வருவோர் ஒருபுறம் (அத்திடலில் 2024 அக்டோபர் 5இல் இறுதிப் பந்தயம் நடந்து முடிந்துவிட்டது). தேக்காவில் ஞாயிறு விடுமுறையைக் கழித்துவிட்டுத் தங்குவிடுதிகளுக்குத் திரும்பும் தமிழக ஊழியர்கள் மறுபுறம்.

அத்தகைய ஒரு மாலையில் ஆறேழு ஊழியர்கள் ஒரே கைப்பேசியைச் சூழ்ந்து அமர்ந்து தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தனர். முன்னிருந்த இருவருக்கு மட்டுமே திரை தெரிந்தது. பின்னிருந்தோர் ஒலியை மட்டுமே கேட்டனர். எனினும் அனைவரும் ஒரே நேரத்தில் சிரித்தனர். அண்ணன் தம்பி இருவராகவும் ஒரே நடிகர் தோன்றும் நாடகம் அது. படத்தைக் காணாமல் யார் பேசுகிறார் என்பதை எவ்வாறு அறிகிறீர்கள் என்று பின்வரிசையில் இருந்த ஒருவரிடம் வினவினேன். சிவகங்கைப் பக்கத்தைச் சேர்ந்தவர். “படத்தப் பாக்கவே வேணாம் சார். வாயத் தொறந்தாலே தெரிஞ்சு போகும், இது மாயன், இது டாக்டருன்னு” என்றார்.

இக்கட்டுரை அவர் தந்த விடையிலிருந்து பிறந்தது. முகமும் உடலும் குரலும் ஒன்றாக இருக்கும்போது இரட்டையரை வேறுபடுத்திக் காட்டத் தமிழ் நாடகக்கலை எதனை நம்புகிறது? அவ்வாறு நம்பும்போது எந்தத் தமிழுக்கு எந்த மதிப்பை வழங்குகிறது? இவ்விரு வினாக்களும் திரைத்துறையினருக்கு உரியன போலத் தோன்றினும் உண்மையில் தமிழாசிரியர்களுக்கே மிகுதியும் உரியன என்பது என் கருத்து.

தொடரும் அதன் தலைப்பும்

‘நாம் இருவர் நமக்கு இருவர்’ விஜய் தொலைக்காட்சியில் 2018 மார்ச் மாதம் தொடங்கி 2020 அக்டோபர் வரை ஒளிபரப்பான காதல் நகைச்சுவைத் தொடர். அதே பெயரில் அதன்பின் வந்த இரண்டாம் பருவம் இக்கட்டுரையின் எல்லைக்குள் கொள்ளப்படவில்லை. மிர்ச்சி செந்தில் என அறியப்படும் செந்தில்குமார் அரவிந்த், மாயன் என்னும் இரட்டைச் சகோதரர்களாக நடித்தார். ரக்ஷா ஹொல்லா, ரஷ்மி ஜெயராஜ் ஆகிய இருவரும் நாயகியர். அரவிந்த் நகரத்து மருத்துவர். மாயன் படிப்பு வாய்க்காத கிராமத்து முரடர். ஒருவரை மற்றவராகக் கருதிக்கொள்ளும் மயக்கமும் அம்மயக்கத்தினால் காதலில் விளையும் குழப்பமும் கதையை நடத்திச் செல்கின்றன.

தலைப்பு குடும்பக் கட்டுப்பாட்டுப் பரப்புரையிலிருந்து எடுக்கப்பட்டது. தமிழகத்துச் சுவர்களில் சிவப்பு முக்கோணத்தோடு எழுதப்பட்டிருந்த அவ்வாசகத்தை ஒரு தலைமுறையே படித்து வளர்ந்தது. சுந்தர் சி. இயக்கத்தில் 1998இல் இதே பெயரில் ஒரு திரைப்படமும் வந்தது. சிங்கப்பூர் வாசகர்களுக்கும் இவ்வாசகத்தின் பொருள் புதிதன்று. இரண்டு குழந்தைகளோடு நிறுத்திக்கொள்ளுமாறு 1972இல் அங்கும் இயக்கம் நடத்தப்பட்டது. 1987இல் கொள்கை தலைகீழாக மாறி, வசதியிருப்போர் மூன்றும் அதற்கு மேலும் பெறுமாறு ஊக்குவிக்கப்பட்டனர். அளவான குடும்பத்திற்கான முழக்கத்தை ஒரே பிரசவத்தில் பிறந்த இருவரின் கதைக்குச் சூட்டியதில் உள்ள குறும்பு இரசிக்கத்தக்கது.

ஒரே மொழி பேசிய இரட்டையர்

இரட்டையர் மயக்க நாடகத்தின் மூலத்தைத் தேடுவோர் உரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸிடம் சென்று சேர்வர். அவருடைய ‘மெனெக்மி’ நாடகத்தில் சகோதரருள் ஒருவன் எபிடாம்னஸ் நகரிலும் மற்றவன் சிராக்கியூஸ் நகரிலும் வளர்கின்றனர். அதனை அடியொற்றிய ஷேக்ஸ்பியரின் ‘தவறுகளின் இன்பியல்’ நாடகத்தில் எஜமானர் இருவரோடு பணியாளர் இருவரும் இரட்டையர் ஆகின்றனர். ஊர்கள் எபேசஸும் சிராக்கியூஸும் ஆகின்றன. இங்கு ஒன்று நோக்கத்தக்கது. வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு மனிதரிடையே வளர்ந்தபோதிலும் இவர்கள் ஒரே வகையாகப் பேசுகின்றனர். சிராக்கியூஸிலிருந்து வந்தவனோடு எபேசஸ் மனைவி நெடுநேரம் உரையாடியும் பேச்சில் வேறுபாடு காண்பதில்லை. காணுமாறு அமைத்திருந்தால் நாடகம் முதற்காட்சியிலேயே முடிந்துபோயிருக்கும். ஆகவே மேலை மரபில் இரட்டையர் மயக்கம் நிலைபெறுவதற்கு மொழி ஒன்றாக இருத்தல் இன்றியமையாத நிபந்தனை எனலாம்.

தமிழ்த் திரையின் தொடக்க கால இரட்டையரும் இந்நிபந்தனைக்கு உட்பட்டவரே. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940இல் வெளியிட்ட ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் ஏற்றார். தமிழில் முதல் இரட்டை வேடம் என்று பொதுவாகச் சுட்டப்படுவது இதுவே. கதை அலெக்சாந்தர் தூமாவின் இரும்பு முகமூடி மனிதனிலிருந்து பெறப்பட்டது. ஜெமினியின் ‘அபூர்வ சகோதரர்கள்’ (1949) படத்திற்கும் மூலம் தூமாதான், எம். கே. ராதா இருவராகவும் நடித்தார். ஒருவன் படும் துன்பத்தை மற்றவன் தன் உடலில் உணர்வது அக்கதையின் அடிப்படை. 1958இல் சிவாஜி கணேசன் மீண்டும் ‘உத்தமபுத்திர’னாகத் தோன்றி, பார்த்திபன், விக்ரமன் ஆகிய இருவரையும் நடையாலும் கண்ணாலும் கையசைவாலும் பிரித்துக் காட்டினார். இம்மூன்று படங்களிலும் நல்லவனும் தீயவனும் அல்லது அரண்மனையில் வளர்ந்தவனும் வெளியே வளர்ந்தவனும் பேசுவது ஒரே மேடைத் தமிழ். குடிசையில் வளர்ந்தாலும் நாயகன் நாக்கில் செந்தமிழ் குறைவதில்லை. வேறுபாடு அறத்தில் இருந்தது, மொழியில் இல்லை.

தெலுங்கில் என். டி. ராமராவ் நடித்த ‘ராமுடு பீமுடு’ (1964) படத்தைத் தழுவி எழுந்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’ (1965) இப்போக்கில் ஒரு சிறு நகர்வு. எம்.ஜி.ஆர். ஏற்ற ராமு அஞ்சி நடுங்குபவன், இளங்கோ அஞ்சாதவன். ராமு தயங்கித் தயங்கிப் பேசுகிறான். இளங்கோ தடையின்றிப் பேசுகிறான். பேசும் விதம் மாறுகிறது. பேசும் வழக்கு மாறவில்லை.

திரை பேச்சுவழக்கிற்கு மாறியபின்

வட்டார வழக்கு தமிழ்த் திரைக்கு முற்றிலும் அயலாக இருந்ததில்லை. ‘மக்களைப் பெற்ற மகராசி’யில் (1957) சிவாஜி கணேசன் கொங்குத் தமிழ் பேசினார். சந்திரபாபுவின் சென்னைத் தமிழும் அக்காலத்ததே. ஆனால் அவை விதிவிலக்குகள். பெரும்பாலும் நகைச்சுவைக்கு ஒதுக்கப்பட்டவை. பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ (1977) படப்பிடிப்பைக் கிராமத்திற்குக் கொண்டுசென்றதோடு கிராமத்துப் பேச்சையும் கதைமாந்தர் அனைவருக்கும் உரியதாக்கியது. அதன்பின் ஒரு கதாபாத்திரத்தின் ஊரை அவர் பேச்சைக் கொண்டு அறிய இரசிகர் பழகினர். இப்பழக்கம் ஏற்பட்ட பிறகு இரட்டையர் கதையின் இலக்கணமும் மாறியாக வேண்டியிருந்தது.

அம்மாற்றத்தின் உச்சம் ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990). சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேசி மோகன் உரையாடல், கமல்ஹாசன் நால்வர். வெளிநாட்டில் படித்து வந்த மதனின் ஆங்கிலச் சாயல் படிந்த தமிழ், தீயணைப்பு வீரர் ராஜுவின் சென்னைத் தமிழ், சமையற்காரர் காமேஸ்வரனின் பாலக்காட்டுத் தமிழ், குற்றச்செயலில் வளர்ந்த மைக்கேலின் கரகரத்த குரல் என நான்கு முகங்களுக்கு நான்கு நாக்குகள். அதற்கு முந்தைய ஆண்டில் வந்த ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தில் அப்பு, ராஜா ஆகிய இருவரையும் பிரித்தது உடலின் உயரம். அதற்கு நுட்பமான ஒளிப்பதிவுத் தந்திரம் தேவைப்பட்டது. நால்வர் படத்தில் அந்தப் பணியின் பெரும்பகுதியை உரையாடலாசிரியரும் நடிகரின் நாவும் ஏற்றுக்கொண்டனர். பிளாட்டஸின் நிபந்தனை இங்கு உடைகிறது. மொழி வேறு என்பதைக் கதைமாந்தர் கவனியாதிருக்க, இரசிகர் மட்டும் கவனித்துச் சிரிக்கின்றனர். காமேஸ்வரன் மதனின் இடத்தில் நின்று பேசும்போது எழும் நகைப்பு, ஆள் மாறியதனால் எழுவதைக் காட்டிலும் வழக்கு மாறியதனால் எழுவதே மிகுதி.

இதன் மறுமுனையை அஜித்குமார் நடித்த ‘வாலி’யில் (1999) காணலாம். எஸ். ஜே. சூர்யா இயக்கிய அப்படத்தில் அண்ணன் தேவா பேச்சும் செவிப்புலனும் அற்றவன். தம்பி சிவா பேசுபவன். அண்ணனின் தீய எண்ணத்தைக் கேட்கும் வாய்ப்பே இரசிகருக்கு இல்லை. மொழியால் இரட்டையரை வேறுபடுத்தும் மரபு வேரூன்றிவிட்டதனாலேயே ஒருவனிடமிருந்து மொழியை முற்றாகப் பறித்தது அத்துணை அச்சம் தருவதாக அமைந்தது என்று கருதுகிறேன்.

தொலைக்காட்சியில் ராதிகா ‘வாணி ராணி’ (சன் தொலைக்காட்சி, 2013–2018) தொடரில் வழக்கறிஞராகவும் இல்லத்தரசியாகவும் இரட்டைச் சகோதரியர் வேடம் ஏற்றார். படித்தவர், படிக்காதவர் என்னும் எதிர்நிலை சின்னத்திரையில் இவ்வாறு நிலைபெற்ற பின்னரே அரவிந்தும் மாயனும் வருகின்றனர்.

மருத்துவரின் தமிழும் மாயனின் தமிழும்

தொடர் நாடகம் மொழியை நம்புவதற்குத் தொழில்முறைக் காரணமும் உண்டு. ஒரே நடிகரை ஒரே சட்டகத்தில் இருவராகக் காட்டும் பழைய முறையில் ஒளிப்பதிவுக் கருவியை அசையாமல் நிறுத்தி, ஒரு பாதியை மறைத்து, உடைமாற்றி, இருமுறை படம்பிடிக்க வேண்டும். கணினி இவ்வேலையை எளிதாக்கியிருப்பினும் உடையும் ஒப்பனையும் மாற்றும் நேரத்தைக் குறைக்க இயலாது. வாரநாள்தோறும் ஒரு பகுதியை ஒளிபரப்பியாக வேண்டிய தொடருக்கு அந்நேரம் பெரும் செலவு. ஆகவே இருவரும் எதிரெதிர் நிற்கும் காட்சிகள் அளவோடு வர, மற்றக் காட்சிகளில் வருபவர் யார் என்பதை அவர் வாய்திறந்த கணத்திலேயே உணர்த்தியாக வேண்டும். அடுக்களையில் வேலை செய்துகொண்டே தொலைக்காட்சியைக் கேட்பவரே தொடர்களின் நிலையான இரசிகர் என்பதும் நினைக்கத்தக்கது. கிராஞ்சியில் பின்வரிசையில் அமர்ந்திருந்தவர்களும் அவ்வகையினரே.

இதற்குப் பொருத்தமான நடிகர் வாய்த்தார். செந்தில் வானொலியிலிருந்து வந்தவர். அவர் பெயரோடு ஒட்டியிருக்கும் ‘மிர்ச்சி’ ஒரு வானொலி நிலையத்தின் பெயர். ‘சரவணன் மீனாட்சி’ தொடரால் (2011–2013) பெரும் புகழ் பெறுவதற்கு முன்பே குரலை மட்டும் கொண்டு முகமறியா நேயரோடு உறவாடப் பழகியவர். மருத்துவராகப் பேசுகையில் குரல் அடங்கி ஆங்கிலச் சொற்கள் இயல்பாக இடையிடுகின்றன. மாயனாகப் பேசுகையில் குரல் உயர்ந்து, சொற்கள் நீண்டு, விளிகள் பெருகுகின்றன.

மொழியியலாளர் இத்தகைய நிலையை இரட்டை வழக்கு என்பர். சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் இக்கருத்தை வகுத்தபோது ஒரே மொழிச் சமூகத்தில் உயர் வழக்கும் தாழ் வழக்கும் தத்தம் களங்களைப் பகிர்ந்துகொண்டு வாழ்வதை விளக்கினார். தமிழுக்கு அதனைப் பொருத்தி ஆராய்ந்தவருள் மு. சண்முகம் பிள்ளை, பிரான்சிஸ் பிரிட்டோ ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். அவர்கள் ஆராய்ந்த உயர் வழக்கு, நாம் எழுதும் இலக்கியத் தமிழ். ஆனால் இத்தொடரில் உயர்ந்த இருக்கையில் அமர்ந்திருப்பது அத்தமிழ் அன்று. மருத்துவர் அரவிந்தும் பேச்சுத் தமிழே பேசுகிறார்; ஊர் தெரியாத, சாதி தெரியாத, ஆங்கிலம் கலந்த பேச்சுத் தமிழ். ‘உயர்’ என்பதன் இடத்தை நகரம் எடுத்துக்கொண்டுவிட்டது. இலக்கியத் தமிழ் பேசும் மூன்றாவது சகோதரர் ஒருவர் இக்கதையில் இல்லை. இருந்திருந்தால் அவர் தமிழாசிரியராகத்தான் இருந்திருப்பார். திரைமரபு அவரைச் சிரிப்புக்கு உரியவராகவே ஆக்கியிருக்கும். நம் தொழிலைத் திரை எவ்வாறு நடத்தி வந்துள்ளது என்பதை நாம் அறிவோம்.

மாயனுக்குத் தொடர் வழங்கும் இடம் ஆராயத்தக்கது. இரசிகரின் அன்பு பெரிதும் அவர் பக்கமே சாய்கிறது. முரட்டுத்தனத்தின் அடியில் ஈரம் இருப்பதாகக் காட்டப்படுகிறது. ஆயினும் அன்பு வேறு, மதிப்பு வேறு. மருத்துவரின் சொல்லுக்கு அதிகாரம் உண்டு. அச்சொல் எவ்வாறு ஒலிக்கிறது என்பதற்காக யாரும் நகைப்பதில்லை. மாயனின் சொல்லோ முதலில் ஒலியாகக் கேட்கப்பட்டு, நகைக்கப்பட்டு, அதன்பிறகே பொருளாகக் கொள்ளப்படுகிறது.

இரண்டு சிரிப்புகள்

மேற்கூறிய கிராஞ்சி மாலைக்கு அடுத்த சனிக்கிழமை பட்டறையில் ஒரு பயிற்சியைச் செய்து பார்த்தேன். தொடரின் ஒரு பகுதியைப் படமின்றி, ஒலியாக மட்டும் இரண்டு நிமிடம் ஒலிக்கவிட்டேன். பேசும் ஒவ்வொருவரைப் பற்றியும் தோன்றுவதை எழுதுமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டேன். இருவரும் ஒரே நடிகர் என்பதைக் கூறவில்லை. அரவிந்துக்குக் கிடைத்த சொற்கள்: படித்தவர், பொறுமையானவர், மேலாளர், ஆசிரியர். மாயனுக்குக் கிடைத்தவை: முரடர், படிக்காதவர், வேடிக்கையானவர். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த மூவர், கலந்து பேசிக்கொள்ளாமலேயே, ஒரே விடையை எழுதியிருந்தனர்: ‘வெளிநாட்டு ஊழியர்’.

இவ்விடை என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. தமிழகத்தில் இவ்வொலியைக் கேட்பவர் ‘தென்மாவட்டத்துக் கிராமத்தார்’ என்பார். அஃது ஓர் ஊரைச் சுட்டும். சிங்கப்பூரில் அதே ஒலி ஒரு தொழிலை, ஓர் அனுமதி அட்டையைச் சுட்டுகிறது. வட்டார வழக்கு கடல் கடந்ததும் வர்க்க வழக்காகிவிட்டது. இத்தனைக்கும் சிங்கப்பூர்த் தமிழரின் முன்னோர் பலர் தஞ்சை, இராமநாதபுரம், திருநெல்வேலி ஆகிய பகுதிகளிலிருந்து இவ்வகை வழக்குகளைப் பேசிக்கொண்டே கப்பலேறியவர்கள். தஞ்சோங் பகாரில் வாழ்ந்த கடையநல்லூர், தென்காசி மக்களை எண்ணிப் பார்க்கலாம். பட்டறையில் மூத்த ஆசிரியை ஒருவர் விடைத்தாளில் ‘என் பாட்டி’ என்று மட்டும் எழுதியிருந்தார். கலந்துரையாடலில் அவர் அதனைப் படித்துக் காட்டியபோது இளைய ஆசிரியர் சிலர் சிரித்தனர். கிராஞ்சியிலும் இதே பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். அங்கே, தம் வீட்டுப் பேச்சு தொலைக்காட்சியில் நாயகன் வாயில் வருவதைக் கேட்ட மகிழ்ச்சி. இங்கே, தமக்கு உரியதன்று என்று கருதிய ஒன்றைக் கேட்ட விலகல்.

இதனை ஆசிரியர்களின் குறையாகக் கூறிவிட இயலாது. சிங்கப்பூரின் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையும் கற்பித்தல் முறையையும் மறுஆய்வு செய்த குழு 2005இல் அளித்த அறிக்கை, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடமளிக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. வீட்டில் தமிழ் குறைந்துவரும் சூழலில் எழுத்துத் தமிழை மட்டும் பேசப் பழக்கினால் மாணவர் எவரோடும் தமிழில் உரையாட இயலாது போவர் என்னும் கவலை அதன் பின்னணி. அது துணிவான முடிவு. ஆயினும் கற்பிப்பதற்கு ஒரு பேச்சுவழக்கைத் தெரிந்தெடுக்க வேண்டியிருந்ததால், படித்தோர் பேசும் பொதுப் பேச்சுத் தமிழ் தெரிந்தெடுக்கப்பட்டது. தெரிந்தெடுத்தல் தவிர்க்க இயலாதது. எனினும், எழுத்துக்கும் பேச்சுக்கும் இடையே இருந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கப் போய், பேச்சுக்கும் பேச்சுக்கும் இடையே புதியதோர் ஏற்றத்தாழ்வு நுழைந்துவிட்டதா என்பதைக் கவனிக்க வேண்டியுள்ளது. அரவிந்த் பாடநூலுக்குள் வந்துவிட்டார். மாயன் வெளியே நிற்கிறார்.

‘வந்தாக’

இவ்விடத்தில் என் சொந்தத் தவறொன்றைக் குறிப்பிட வேண்டும். முனைவர் பட்டத்திற்காக வெளிநாடு செல்வதற்கு முன்னர்ச் சில காலம் பள்ளியொன்றில் தமிழ் கற்பித்தேன். வாய்மொழித் தேர்வில் ஒரு மாணவி தன் தாத்தாவைப் பற்றிப் பேசுகையில் ‘அவுக ஊர்லேருந்து வந்தாக’ என்றாள். ‘அவங்க வந்தாங்க’ என்று திருத்தி, உச்சரிப்புக்குரிய மதிப்பெண்ணைக் குறைத்தேன். அவள் மறுமுறை தாத்தாவைப் பற்றிப் பேசவில்லை. வேறு தலைப்பைத் தேர்ந்துகொண்டாள். பிறகு ஆய்வுக்காகக் கிளைமொழி நூல்களைப் படிக்க நேர்ந்தபோதுதான் செய்தது என்னவென்று விளங்கிற்று.

எழுத்துத் தமிழில் ‘அவர்கள் வந்தார்கள்’ என்கிறோம். பொதுப் பேச்சில் ‘அவங்க வந்தாங்க’ என்கிறோம். எழுத்து வடிவத்தில் இல்லாத ஙகர மெய் இப்பொதுப் பேச்சு வடிவத்தில் அமர்ந்திருக்கிறது. சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளின் ‘அவுக வந்தாக’ என்பதிலோ ஙகரம் இல்லை. ரகர மெய்யும் இறுதி ளகர மெய்யும் மட்டுமே கெட்டுள்ளன. ‘வந்தார்கள்’, ‘வந்தாங்க’, ‘வந்தாக’ ஆகிய மூன்றையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால், எழுத்து வடிவத்திலிருந்து எளிதில் வருவிக்கக்கூடியது மூன்றாவதே என்பது புலப்படும். மேலும் அது வெறும் பன்மையன்று, உயர்வுப் பன்மை. மாணவி தன் தாத்தாவுக்குரிய மரியாதையைச் சிறிதும் வழுவாமல் அளித்திருந்தாள். எழுத்துக்கு நெருக்கமானதைப் பிழை என்றும், சற்று விலகியதைச் சரி என்றும் நான் திருத்தியிருக்கிறேன். அன்று என்னை வழிநடத்தியது இலக்கணமன்று. எவர் வாயில் எந்த வடிவம் வரும் என்னும் சமூக மதிப்பீடு.

பட்டறையின் இறுதி நாளில் இம்மூன்று வடிவங்களையும் பலகையில் எழுதி விவாதித்தோம். அதன்பின் ஆசிரியர்களை இருவர் இருவராகப் பிரித்து, மாயன் ஒரு நாள் மருத்துவமனையில் அரவிந்தின் இருக்கையில் அமர நேர்ந்தால் நோயாளியோடு எவ்வாறு உரையாடுவார் என எழுதச் செய்தேன். இரட்டையர் கதைகளில் இடமாற்றம் வழக்கமான உத்திதான். பெரும்பாலோர் மாயனை ஆங்கிலம் பேச முயன்று தடுமாறுபவராகவே எழுதினர். ஓரிணை மட்டும் வேறுவிதமாக எழுதியது. அவர்களுடைய உரையாடலில் நோயாளியும் சிவகங்கைக்காரர். மருத்துவர் தம் ஊர்ப் பேச்சில் கேட்டதும், அதுவரை சொல்லத் தயங்கிய வலியை எங்கே, எப்போது, எப்படி என்று விரிவாகச் சொல்லத் தொடங்குகிறார். அவ்வுரையாடலை இருவரும் வகுப்பில் நடித்துக் காட்டியபோது நகைப்பு எழுந்தது. எனினும் முந்தைய வாரத்து நகைப்பு அன்று அது.

அன்று மாலை கிராஞ்சியில் அந்தச் சிவகங்கைக்காரரை மீண்டும் காண வாய்த்தது. பட்டறையில் நடந்ததைச் சுருக்கமாகக் கூறினேன். அவருக்கு அஃது அவ்வளவு வியப்பாக இல்லை. “நாங்க தெனமும் செய்யுறதுதான சார் இது? சைட்டுல சூப்பர்வைசர்கிட்ட, போன்ல பேங்குக்காரவுககிட்ட எல்லாம் டாக்டரு மாதிரி பேசிக்கிருவோம். ரூமுக்கு வந்தா மாயன்தான். ரெண்டும் நாந்தான்” என்றார். பின்னர்ச் சற்றுத் தயங்கி, “நீங்க பேசுறதுதான் சார் பொஸ்தகத்த வாசிக்கிற மாதிரி இருக்கு” என்றும் கூறினார்.

பட்டறைக்காக நான் தயாரித்த மதிப்பீட்டுத் தாள் இன்னும் என்னிடம் உள்ளது. உச்சரிப்பு, சரளம், சொல்வளம், கருத்து என நான்கு கட்டங்கள். ‘அவுக வந்தாக’ என்று கூறும் மாணவரை மனத்தில் நிறுத்தி அதனைப் பலமுறை திருத்தி எழுதிப் பார்த்துவிட்டேன். சொல்வளம், கருத்து ஆகிய கட்டங்களில் எனக்குச் சிக்கலில்லை. முதற்கட்டத்தில் என்ன எழுதுவது என்பதில் பட்டறைக்கு வந்த ஆசிரியர்கள் இரு தரப்பாகப் பிரிந்தனர். பொதுத்தேர்வில் பொது வழக்கையே எதிர்பார்க்க வேண்டும், இல்லையேல் மதிப்பிடுவோர்க்கிடையே ஒருமை இராது என்றது ஒரு தரப்பு. உச்சரிப்பு என்பது தெளிவே ஒழிய ஊரன்று. கேட்பவருக்கு விளங்கினால் முழு மதிப்பெண் வழங்கலாம் என்றது மறுதரப்பு. அக்கட்டம் இன்றுவரை நிரப்பப்படாமலேயே இருக்கிறது.